மணிக்கணக்கும் மேக்ரோவும்

எக்செல் கட்டத்தில் 18:00 என்று தெரிந்தால் உள்ளே இருப்பது 0.75. ஒரு நாளை 1 என்று வைத்து, நேரத்தை அதன் பின்னமாகவே எக்செல் சேமிக்கிறது. நாம் பார்ப்பது அந்த எண்ணின் தோற்றம். தோற்றத்தை மாற்றினால் மதிப்பும் மாறிவிடும் என்று நம்புவதில்தான் நேரக் கணக்கின் பிழைகள் பல பிறக்கின்றன. தினம் 9 மணி நேரமாக ஐந்து நாள் வேலையைக் கூட்டினால், வழக்கமான மணி வடிவம் 21:00 என்று காட்டும். உள்ளே 1.875 சரியாகவே இருக்கிறது. முழு நாளை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டுகிறது, அவ்வளவுதான். வடிவக் குறியீட்டில் மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால் 45:00 வந்துவிடும். ஆனால் அதே கட்டத்தை மணிக்கு 100 ரூபாய் கூலியால் பெருக்கினால் 187.50 தான் வரும். 24-ஆலும் பெருக்கினால்தான் உழைத்தவருக்குச் சேர வேண்டிய 4,500 கிடைக்கும்.

ஆகவே, இத்தகைய நேரப் பதிவுகளைச் சரிசெய்ய எக்செலின் விபிஏ மொழியில் எழுதும் மேக்ரோ என்ற சிறு நிரல் முதலில் மதிப்பை மாற்ற வேண்டும், வடிவம் பிறகுதான். எட்டரை மணி நேரத்தை 8.30 என்று புள்ளி வைத்துப் பதியும் பழக்கம் நம்மிடம் உண்டு. எக்செலுக்கு அது எட்டு நாளும் சொச்சமும். மேக்ரோ முழு எண்ணை 24-ஆல் வகுத்து, புள்ளிக்குப் பின்னுள்ளதை நிமிடமாக்கி 1440-ஆல் வகுத்து, இரண்டையும் கூட்ட வேண்டும். நிமிடத்தை எடுக்கும்போது அருகிலுள்ள முழு எண்ணாக்குவதும் அவசியம்: கணினியில் 8.29-இலிருந்து 8-ஐக் கழித்து 100-ஆல் பெருக்கினால் 29-க்கு மயிரிழை குறைவாக வரும். பின்னத்தை வெட்டி எறிந்தால் ஒரு நிமிடம் போய்விடும். 8.75 போல நிமிடம் 60-ஐ எட்டினாலோ தாண்டினாலோ மாற்றாமல் நிறமிட்டு நிறுத்த வேண்டும். அது எட்டே முக்கால் மணியா, தட்டச்சுப் பிழையா என்பது பதிந்தவருக்குத்தான் தெரியும்.

இதை ஒரு சூத்திரமே செய்யுமே என்று கேட்கலாம். ஒரே தாளுக்குச் சூத்திரம் போதும், அதுவே மேலானதும்கூட. மாதந்தோறும் புதுக் கோப்பு வரும் இடத்தில், ஒவ்வொரு முறையும் சூத்திரத்தை இழுத்து நிரப்பும்போது ஏதாவது வரிசை விடுபடும். மேக்ரோ அங்கேதான் உதவுகிறது. மேக்ரோ செய்ததைச் செயல்தவிர்க்க முடியாது என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். எக்செலில் அது உண்மைதான். மேலும், மூலக் கட்டத்திலேயே எழுதும் மேக்ரோவைத் தவறி இருமுறை ஓட்டினால், எட்டரை மணி சத்தமில்லாமல் 35 நிமிடமாகிவிடும். விடையைப் பக்கத்து நெடுவரிசையில் எழுதச் செய்தால், எத்தனை முறை ஓட்டினாலும் மூலத்தில் 8.30 அப்படியே இருக்கும்.