விடிய விடிய ஒலிக்கும் தம்பூரி: கொள்ளேகால் பாடகர்களைத் தாங்கி நிற்கும் ரசிகர்கள்

புது தில்லி: தலைநகரின் மண்டி ஹவுஸ் பகுதியில் உள்ள ரவீந்திர பவனில் சாகித்ய அகாதெமியும், சங்கீத நாடக அகாதெமியும் ஒரே வளாகத்தில் இயங்கி வருகின்றன. இவற்றில் சாகித்ய அகாதெமி, 2001-ம் ஆண்டு ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டது. கர்நாடகத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டிய மாதேஸ்வரன் மலையின் இறைவனைப் பற்றி வாய்மொழியாகப் பாடப்பட்டு வரும் பெருங்கதையே அந்நூல். ஹெப்பணி மாதய்யாவும் அவரது குழுவினரும் பாடியதைக் கே.கேசவன் பிரசாத் தொகுக்க, சி.என்.ராமச்சந்திரன், எல்.என்.பட் ஆகியோர் மொழிபெயர்த்தனர்.

நூலகத்தில் அதைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. பல இரவுகள் நீளும் இக்கதையை ஏட்டின் துணையின்றி நினைவிலிருந்தே பாடுகிறவர்கள் யார்? அவர்களின் அன்றாடப் பிழைப்பு எப்படி நடக்கிறது? அதற்கான விடை தில்லியில் இல்லை. கொள்ளேகாலைச் சுற்றியுள்ள கிராமங்களின் வீட்டு வாசல்களிலும், கோயில் திடல்களிலும்தான் இருக்கிறது.

பழைய கோவை மாவட்டம்

தமிழக வாசகர்களுக்குக் கொள்ளேகால் அன்னிய ஊர் அல்ல. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமையும் வரை, அது சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த வட்டமாக இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தில் இணைந்து, 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதன் பகுதியானது. பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற இவ்வூரிலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில் மாதேஸ்வரன் மலை உள்ளது. மேட்டூர் வழியாகச் சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்ட பக்தர்களும் இங்கு திரளாகச் செல்கின்றனர்.

இப்பகுதியில் இரு பெரும் கதைப்பாடல் மரபுகள் உள்ளன. ஒன்று மாதேஸ்வரன் கதை. இதைப் பாடுவோர் "தேவரகுட்டர்" எனப்படுகின்றனர். கிண்ணம் போன்ற வெண்கலத் தாளத்தை ஒரு கையில் ஏந்தி, தட்டையான மற்றொன்றால் அதை அடித்துப் பாடுவர். "கம்சாளே" என்பது அத்தாளத்தின் பெயர். பாடலுக்கும் ஆட்டத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது.

மற்றொன்று மண்டேஸ்வாமி கதை. இதைப் பாடுவோர் "நீலகாரர்". தலைமைப் பாடகர் தோளில் தம்பூரியைச் சாய்த்து, ஒரு கையால் அதன் தந்தியை மீட்டி, மறு கையில் "கக்கர" எனும் உலோகச் சலங்கையைக் குலுக்கியபடி பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் "டக்கெ" எனும் சிறு பறையை முழக்குவர். இந்தப் பெயர் நமக்கும் பழக்கமானதே. கொங்கு நாட்டில் தக்கை முழக்கிப் பாடியதால்தான் ஓர் இராமாயணத்துக்குத் "தக்கை இராமாயணம்" என்ற பெயர் வந்தது.

தெருவே மேடை

நீலகாரர்களில் பெரும்பாலோர் தலித் மற்றும் பிற்படுத்தப்பட்ட சமூகத்தினர். பரம்பரையாகப் பிறந்தால் மட்டும் நீலகாரர் ஆகிவிட முடியாது. மண்டேஸ்வாமி மரபின் தலங்களில் தீட்சை பெற்று, தம்பூரி ஏந்தும் உரிமையைப் பெற வேண்டும். கொள்ளேகால் பகுதியில் உள்ள சிக்கல்லூர், மளவள்ளி வட்டத்தின் பொப்பேகௌடனபுரம், கிருஷ்ணராஜநகர் வட்டத்தின் கப்படி ஆகியவை அத்தகைய முக்கியத் தலங்கள். தீட்சை பெற்றவர், வீடு வீடாகச் சென்று பாடி பிட்சை ஏற்பதை விரதமாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. நம் கண்ணுக்குப் பிட்சையாகத் தெரிவது, அவர்கள் மரபில் கடமை.

இவர்களின் ஒரு நாள் பொழுது, அரங்கில் பாடும் வித்வான்களின் பொழுதைப் போன்றதல்ல. விவசாயக் கூலி வேலை கிடைக்கும் பருவத்தில் வயலுக்குச் செல்வதும், அது இல்லாதபோது தோளில் பையும் கையில் தம்பூரியுமாகத் தெருவில் இறங்குவதும் வழக்கம். வாசலில் நின்று கதையின் ஓர் அடியைப் பாடினால், வீட்டுப் பெண்கள் அரிசியோ, கேழ்வரகோ, சில்லறையோ கொண்டு வந்து இடுவர். அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் தானியம் கிடைக்கும்.

மாலைக்கு மேல்தான் உண்மையான கச்சேரி. புதுமனை புகுவிழா, நேர்த்திக்கடன், இறந்தவர்களுக்கான சடங்கு, ஊர்த் திருவிழா என எதற்காக அழைத்தாலும், இரவு உணவுக்குப் பின் தொடங்கும் பாடல் விடியும் வரை நீளும். கேட்போர் எந்தப் பகுதியை விரும்புகிறார்களோ, அந்தப் பகுதி அன்று விரியும். கூட்டத்தின் முகம் பார்த்துக் கதையைச் சுருக்கவும் பெருக்கவும் தெரிந்தவரே சிறந்த பாடகர். இதைக் கற்பிக்கப் பள்ளி கிடையாது. மூத்த பாடகரின் பின்பாட்டுக்காரராகப் பல ஆண்டுகள் இரவு கண்விழித்துத்தான் கற்க வேண்டும்.

ரசிகரே புரவலர்

இந்தக் கலைக்கு அரச சபையோ, சபாக்களோ, விளம்பரதாரரோ புரவலர் அல்லர். கேட்பவரே புரவலர். பாடகரின் பெயரைச் சொல்லி, "அவரை அழைத்து வாருங்கள்" என்று ஊர் மக்கள் கேட்பதுதான் அவருக்குச் சான்றிதழ். ஆண்டுதோறும் பெரும்பாலும் ஜனவரி மாதப் பௌர்ணமியையொட்டிச் சிக்கல்லூரில் ஐந்து நாள் திருவிழா நடக்கிறது. முதல் நாள் இரவு "சந்திரமண்டலம்" ஏற்றப்படும். பின்னர் ஒரு நாள், பல சாதியினரும் வரிசையில் அமர்ந்து உண்ணும் "பங்க்தி சேவை" நடைபெறும். திடலெங்கும் கூடாரமிட்டுத் தங்கும் குடும்பங்களுக்கு நடுவே தம்பூரி ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும். ஆண்டு முழுவதற்குமான அழைப்புகள் பலவும் இத்தகைய திருவிழாக்களில் ஏற்படும் அறிமுகத்தால் வருபவையே.

நகரங்களில் எந்த நிறுவனத்தையும் சாராமல் பாடும் இளம் இசைக் கலைஞர்கள், தங்கள் ரசிகர்களிடமே நேரடியாக நிதி திரட்டுவது இன்று புதுமையாகப் பேசப்படுகிறது. அமெரிக்காவில் 2013-ல் தொடங்கப்பட்ட பேட்ரியான் போன்ற இணைய தளங்கள் இதற்கெனவே உள்ளன. ஆனால், கேட்பவர் கொடுப்பதைக் கொண்டு பாடகர் வாழ்வது என்ற அந்த ஏற்பாட்டைக் கொள்ளேகால் கிராமங்கள் பல தலைமுறைகளாகக் கடைப்பிடித்து வருகின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

ஒலிநாடாவிலிருந்து செல்போனுக்கு

இந்த ஏற்பாட்டில் முதல் மாற்றத்தை ஏற்படுத்தியது ஒலிநாடா. கம்சாளே மகாதேவய்யா, மளவள்ளி மகாதேவசுவாமி போன்றோரின் பாடல்கள் கேசட்டுகளில் பதிவாகித் தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் ஒலித்தன. தம்பூரியுடன் ஆர்மோனியமும் தபேலாவும் சேர்ந்தன. பாடகரின் பெயர் மாவட்டம் கடந்து பரவியது.

திரையுலகமும் பின்தங்கவில்லை. 1996-ல் வெளியான "ஜனுமத ஜோடி" கன்னடப் படம், மாதேஸ்வரன் மரபின் பாடலைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றது. 2005-ல் வெற்றி பெற்ற "ஜோகி" படத்தின் நாயகனுக்கு மாதேசன் என்றே பெயர். அப்படமே தமிழில் தனுஷ் நடிக்க, "பரட்டை என்கிற அழகு சுந்தரம்" என்று 2007-ல் வந்தது.

அடுத்து வந்தது செல்போன். இரவு முழுவதும் பாடப்படுவதை ரசிகர்களே பதிவு செய்து இணையத்தில் ஏற்றுகின்றனர். வெளிநாட்டில் வாழும் கன்னடர்களும் அதைக் கேட்கின்றனர். இதனால் பாடகருக்குப் புகழ் கூடுவது உண்மை. ஆனால், எங்கோ ஒருவர் ஏற்றிய பதிவிலிருந்து வரும் விளம்பர வருவாயில், அதில் பாடியவருக்குப் பங்கு தானாக வந்து சேர்வதில்லை. பல பதிவுகளில் பாடியவரின் பெயர்கூட இருப்பதில்லை.

பாட்டுக்குப் பரிந்தவர்கள்

2020-ம் ஆண்டு ஆகஸ்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்று, இந்தப் பாடல்கள் மீது மக்களுக்கு உள்ள பற்றை வெளிப்படுத்தியது. கன்னட ராப் பாடகர் சந்தன் ஷெட்டி, "கோலுமண்டே" எனத் தொடங்கும் நாட்டுப்பாடலை நவீன இசையில் அமைத்துக் காணொலியாக வெளியிட்டார். கதையில் வரும் சங்கம்மா என்ற பக்தையை அது தரக்குறைவாகச் சித்தரிப்பதாக மாதேஸ்வரன் பக்தர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். இதையடுத்து அவர் மன்னிப்புக் கோரினார், காணொலியும் நீக்கப்பட்டது.

பாடலின் மானத்தைக் காக்க அன்று ஆயிரக்கணக்கானோர் குரல் கொடுத்தனர். அதே ஆண்டில் கரோனா ஊரடங்கு காரணமாகத் திருவிழாக்களும் குடும்ப விசேஷங்களும் முடங்கின. கூட்டம் கூடினால்தான் பிழைப்பு என்றிருந்த கிராமியப் பாடகர்கள் நாடு முழுவதும் வருவாய் இழந்தனர். பாட்டுக்காக எழுந்த குரலில் ஒரு பங்கு, பாடுகிறவரின் அடுப்புக்காகவும் எழ வேண்டியிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

பாடுபவருக்கு உரிமையே இல்லை என்று கூற முடியாது. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் செய்யப்பட்ட திருத்தம், நிகழ்த்துகலைஞர்களுக்கெனத் தனி உரிமையை அங்கீகரித்தது. 1999-ல் அதன் காலம் 25 ஆண்டுகளிலிருந்து 50 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. 2012-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், தன்னுடைய நிகழ்ச்சி என அடையாளப்படுத்தப்படும் உரிமையையும் கலைஞருக்கு வழங்கியது. அடுத்த ஆண்டே பாடகர்களின் உரிமைக்கான சங்கமும் உருவானது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று எவர் பெயரும் இல்லாத பாடல் இது. ஊரே அதன் ஆசிரியர் என்பதால், ஆசிரியருக்கான உரிமத் தொகை யாருக்கும் சேர்வதில்லை. பாடுபவருக்குரிய உரிமையை நிலைநாட்ட வேண்டுமானால் எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும். சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு ஒரே நாளில் பாடி முடித்துவிட்டு வரும் கிராமியக் கலைஞருக்கு இவை எட்டாத தொலைவில் உள்ளன.

மத்திய அரசின் உதவியும் அத்தகையதே. 60 வயது கடந்த, ஆண்டு வருமானம் ரூ.72 ஆயிரத்தைத் தாண்டாத கலைஞர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகம் மாதம் ரூ.6 ஆயிரம் வரை வழங்கும் திட்டம் உள்ளது. ஆனால், மாநில அரசின் கலைஞர் ஓய்வூதியம் பெறுபவரே இதற்கு விண்ணப்பிக்க முடியும். குருவுக்கும் சீடர்களுக்கும் மாத மதிப்பூதியம் தரும் மற்றொரு திட்டம், பதிவு பெற்று முறையாகக் கணக்கு வைத்திருக்கும் அமைப்புகளுக்கு உரியது. வயதுச் சான்று, வருமானச் சான்று, நிகழ்ச்சி அழைப்பிதழ் என்று கேட்கும்போது, வாய்மொழி அழைப்பிலேயே வாழ்நாளைக் கழித்தவர் எதைக் காட்டுவார்?

ரசிகர்களின் கையில்

இங்குதான் ரசிகர்களின் பங்கு மீண்டும் முக்கியமாகிறது. நிகழ்ச்சியைப் பதிவு செய்பவர், பாடியவரின் பெயரையும் ஊரையும் அதில் குறிப்பிட்டாலே அது நாளை ஓய்வூதிய விண்ணப்பத்துக்குச் சான்றாகும். அச்சிட்ட அழைப்பிதழில் பாடகர் பெயர் இடம் பெறுவதும் அப்படியே. படித்த இளைஞர் ஒருவர் ஒரு மாலை நேரம் ஒதுக்கி விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தந்தால், அது பல படி அரிசிக்குச் சமம். இணையத்தில் கேட்டு மகிழ்பவர், ஊர்த் திருவிழாவுக்கு அதே பாடகரை அழைத்து உரிய சம்பளம் கொடுத்தால் மரபும் பிழைக்கும், மனிதரும் பிழைப்பார்.

கொங்கு நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. 1965-ல் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில், உடுக்கடிப் பாட்டாகப் பாடப்பட்ட அண்ணன்மார் சுவாமி கதையைக் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் பிரெண்டா பெக் பல இரவுகள் அமர்ந்து ஒலிப்பதிவு செய்தார். அந்தக் கதை இன்று நூலாகவும் படமாகவும் கிடைக்கிறது. ஆனால் விடிய விடிய உடுக்கடித்துப் பாடக்கூடியவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியுள்ளது. பதிவு கதையைக் காப்பாற்றும். பாடுகிறவரை, கேட்கிறவர்தான் காப்பாற்ற வேண்டும்.

2023 மார்ச் மாதம் மாதேஸ்வரன் மலையில் 108 அடி உயரச் சிலை திறந்து வைக்கப்பட்டது. வெகுதொலைவிலிருந்தே பக்தர்கள் அதைக் கண்டு வணங்குகின்றனர். அந்தச் சிலை எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மாதேஸ்வரனை மக்கள் மனத்தில் எழுப்பி வைத்தவர்கள், அடிவாரக் கிராமங்களின் பாடகர்கள்.

மண்டேஸ்வாமி கதையில் ஒரு கட்டம் உண்டு. கொல்லர் குடும்பத்தில் பிறந்து சீடரான சித்தப்பாஜி, குருவின் ஆணைப்படி ஹலகூர் கொல்லர்களிடம் சென்று இரும்பைப் பிட்சையாகக் கேட்கிறார். அவர்கள் மறுக்கின்றனர், கடும் சோதனைகளுக்கு உள்ளாக்குகின்றனர். அவர் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நள்ளிரவில் இந்தக் கட்டத்தைப் பாடும் நீலகாரரும், பொழுது விடிந்ததும் ஏதேனும் ஒரு வாசலில் நின்று கேட்க வேண்டியவர்தான். அவர் கேட்பது இரும்பல்ல. ஒரு படி அரிசியும், நின்று கேட்க ஒரு செவியும் மட்டுமே.