வணக்கமும் வினாவும்

ஆசிரியர் வகுப்பறையுட் புகுந்ததும் மாணாக்கர் எழுந்து நின்று வணக்கங் கூறுவர். இருக்குமாறு பணித்த பின்னரே இருப்பர். ‘சேர்’ என்றும் ‘ரீச்சர்’ என்றும் விளிப்பதன்றி, ஆசிரியரைப் பெயர் சொல்லி அழையார். இவ்வொழுக்கம் எமக்கு இயல்பாகிவிட்டமையால், உலகெங்கணும் இதுவே வழக்கென எண்ணிவிடுகின்றோம். அவ்வெண்ணம் பொருந்தாதென்பதை இரு நாடுகளின் வழக்கங்கொண்டு ஈண்டு விளக்க விரும்புகின்றோம்.

பின்லாந்து நாட்டிலே சிறுவர் தம் ஆசிரியரை முதற்பெயராலேயே அழைப்பர். அன்றேல் ‘ஆசிரியர்’ என்னும் அந்நாட்டுச் சொல்லைக் குறுக்கி ‘ஓப்பே’ என்பர். இதனை எம்மவர் கேட்பின் முகஞ் சுளிப்பர். ஆயினும், ஆசிரியத் தொழிலை அந்நாட்டார் இழிவாக எண்ணுகின்றாரல்லர். 1979ஆம் ஆண்டு தொடக்கம் ஆங்கு வகுப்பாசிரியராதற்கு முதுமாணிப் பட்டம் வேண்டப்படுகின்றது. அப்பயிற்சியிற் சேர விரும்புவோர் பலர், இடம்பெறுவோர் சிலரே. பெயர் சொல்லி அழைத்தலால் மதிப்புக் குன்றவில்லை.

யப்பான் நாட்டு வழக்கம் இதற்கு மாறானது. எம் வழக்கத்திற்கு அணித்தானது. பாடந் தொடங்குமுன் அன்றைய முறைக்குரிய மாணாக்கன் குரல் கொடுப்பான். அனைவரும் எழுந்து தலைதாழ்த்தி வணங்கி அமர்வர். ‘சென்செய்’ என்னும் மதிப்புச் சொல்லாலேயே ஆசிரியரை அழைப்பர். வகுப்பறையையும் நடைபாதையையும் மாணாக்கரே கூட்டித் துடைப்பர்.

இத்தகைய நாட்டிலே ஆசிரியர் சொல்வதை மாணாக்கர் வாய்பொத்திக் கேட்டிருப்பர் என எண்ணுதல் எளிது. ஆனால், 1995ஆம் ஆண்டுச் சர்வதேசக் கணித விஞ்ஞான ஆய்வோடு இணைந்து யப்பான், யேர்மனி, ஐக்கிய அமெரிக்கா என்னும் மூன்று நாடுகளின் எட்டாம் வகுப்புக் கணித பாடங்கள் 231 படம்பிடித்து ஆராயப்பட்டபோது வேறொன்று புலனாயிற்று. அமெரிக்க ஆசிரியர் பெரும்பாலும் வழியைத் தாமே காட்டிப் பின்னர் மாணாக்கரைப் பயிற்றினர். யப்பானிய ஆசிரியரோ கணக்கொன்றைக் கொடுத்து மாணாக்கரையே வழி தேடச் செய்தனர். அவர் கண்ட பல வழிகளையும் வகுப்பின் முன் விளக்குவித்து, இறுதியிலே தொகுத்துரைத்தனர். தலைதாழ்த்தி வணங்கும் வகுப்பிலேதான் மாணாக்கர் சிந்தனைக்கு மிக்க இடமிருந்தது.

ஆகவே வணக்கம் வேறு, வாயடைத்திருத்தல் வேறு என்பது தெளிவாகும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால் விளையுங் கேட்டினைச் சுமப்போர் சிறுவரே. 1983ஆம் ஆண்டின் பின் எம்மவர் பல்லாயிரவர் கனடா, இங்கிலாந்து, நோர்வே முதலிய நாடுகளிற் குடியேறினர். பெரியோர் கண்டிக்கும்போது கண்ணைத் தாழ்த்துதல் பணிவென வீட்டிலே பழகிய பிள்ளையை, முகம் நோக்கி விடையிறுத்தலே நேர்மையெனக் கொள்ளும் ஆசிரியர் எதையோ மறைக்கிறானென ஐயுறக்கூடும். கேட்டாலன்றிப் பேசாதவனை மந்தனெனவும் மதிக்கக்கூடும். அங்கு வளர்ந்த பேரன் விடுமுறையில் இங்கு வந்து பெரியோரிடம் ‘ஏன்?’ என வினவினால், நாம் அவனை அடக்கமற்றவனென்போம். இரு பிள்ளைகளும் தாம் கற்ற மரியாதையையே காட்டினர். காண்போரே பிறழ உணர்ந்தனர்.

வினாவுதல் மேல்நாட்டார் தந்த புதுமையென்று கருதுதலும் தவறு. 13ஆம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், மாணாக்கன் குளிர் காய்வான் போல ஆசிரியரை மிக அணுகாமலும் மிக அகலாமலும் ஒழுகல் வேண்டுமென்கின்றது. அந்நூலே, ஐயுற்றதை வினாவுதலையும் பிறர் வினவியதற்கு விடை கூறுதலையும் கற்கும் முறைகளுள் வைத்தெண்ணுகின்றது. பணிவையும் வினாவையும் எம் முன்னோர் ஒருங்கே போற்றினர். அவற்றுட் பணிவை மட்டும் நாம் இறுகப் பற்றிக்கொண்டோம்.

ஆதலின், மாணாக்கர் எழுந்து வணங்கும் நல்வழக்கத்தைக் கைவிடவேண்டியதில்லை. வணங்கி அமர்ந்தபின் ஐயத்தை அஞ்சாது வினவுக. ஆசிரியராகிய நாம் அவ்வினாவை எதிர்ப்பெனக் கொள்ளாது, பாடத்தைச் செவிமடுத்தமைக்குச் சான்றெனக் கொள்வோமாக. பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர், தம் பிள்ளைகள் பயிலும் பள்ளி ஆசிரியரைக் கண்டு, எம் வழக்கத்தில் மௌனமும் தாழ்ந்த பார்வையும் எவற்றைக் குறிக்கும் என்பதை எடுத்துரைப்பாராக. அச்சிறு உரையாடல் ஒரு பிள்ளையின் கல்வியைக் காக்க வல்லது.