பிள்ளை இன்னும் பேசவில்லையா? மூன்று வயது வரை காத்திருக்காதீர்கள்

"அவன் வாப்பாவே மூணு வயசுலதான் பேசினாங்க. இவனும் பேசுவான், நீ ஏன் கவலைப்படுறே?" இரண்டு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை உள்ள வீட்டில் உம்மம்மா முதல் பக்கத்து வீட்டார் வரை எல்லோரும் சொல்லும் ஆறுதல் இது. பாசத்தில்தான் சொல்கிறார்கள். சில பிள்ளைகள் விஷயத்தில் அது பலித்தும் விடுகிறது. ஆனால் எந்தப் பிள்ளை தானாகப் பேசிவிடும், எந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்பதை வீட்டில் இருந்தபடி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படிக் காத்திருந்து கழிக்கும் மாதங்கள், மூளை மிக வேகமாக வளரும் மாதங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆட்டிசமா, வெறும் பேச்சுத் தாமதமா என்பது தெளிவாகக் காலம் எடுக்கலாம். அது தெரியும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இரண்டில் எதுவானாலும் இன்று வீட்டில் செய்ய வேண்டியவை பெரும்பாலும் ஒன்றுதான்.

பேச்சை மட்டும் பார்க்காதீர்கள்

பிள்ளை எத்தனை வார்த்தை பேசுகிறது என்பதை மட்டுமே நாம் எண்ணுகிறோம். பேச்சுக்கு முன்பே வர வேண்டியவை சில உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் 9 மாத வாக்கில் திரும்பிப் பார்க்க வேண்டும். 12 மாத வாக்கில் கையசைத்து டாட்டா காட்ட வேண்டும். 15 மாத வாக்கில் வேண்டியதை விரல் நீட்டிக் கேட்க வேண்டும். 18 மாத வாக்கில், "அங்கே பார், காக்கா!" என்பதுபோல் தான் கண்ட அதிசயத்தை உங்களுக்கும் விரல் நீட்டிக் காட்ட வேண்டும். இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விரல் நீட்டாமல் உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஃபிரிட்ஜ் மேல் வைப்பது, காரை ஓட்டாமல் அதன் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பது, முகத்தைப் பார்க்காமல் இருப்பது, மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுவது ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து காணப்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு பேசிய வார்த்தைகள் நின்றுபோனால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

முதலில் காதைப் பாருங்கள்

"டி.வி. பாட்டுக்கு ஓடி வருகிறானே, காது நன்றாகத்தான் கேட்கிறது" என்று முடிவு செய்துவிடாதீர்கள். சில ஒலிகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் தேங்கியும் கேட்கும் திறன் குறையலாம். பிள்ளை தூங்கும்போது தலையில் சிறு ஒயர்களை ஒட்டிச் செய்யப்படும் 'பெரா' பரிசோதனையில் வலி இல்லை. பேச்சுத் தாமதம் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் காது பரிசோதனை அவசியம்.

எங்கே போவது?

முதலில் குழந்தை நல மருத்துவரிடம் போங்கள். 16 முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு 'எம்-சாட்' என்ற 20 கேள்விகள் கொண்ட பட்டியல் உண்டு. அதில் சந்தேகம் வந்தாலே ஆட்டிசம் என்று பொருளல்ல; முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பதே பொருள்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்கள் உள்ளன. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் இந்த மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், நிப்மெட் என்று அழைக்கப்படும் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. தென்காசி பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இருக்கிறது. பெரிய தொகை கட்டி வெளியூர் கிளினிக்குகளில் அலைவதற்கு முன் இவற்றை விசாரித்துப் பாருங்கள்.

வீட்டில் இன்றே தொடங்கலாம்

தெரபி வாரத்தில் சில மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் பிள்ளை உங்களோடுதான் இருக்கிறது.

தரையில் அமர்ந்து, பிள்ளையின் கண் மட்டத்துக்கு உங்கள் முகத்தைக் கொண்டு வாருங்கள். சக்கரம் சுற்றினால் பிடுங்காதீர்கள், நீங்களும் சேர்ந்து சுற்றி, "சுத்துது... சுத்துது... நின்னுடுச்சு!" என்று சொல்லுங்கள்.

"வாப்பா சொல்லு, உம்மா சொல்லு" என்று நாள் முழுக்கப் பரீட்சை வைக்காதீர்கள். நீங்கள் சொல்லிக் காட்டுங்கள். பேசாத பிள்ளையிடம் ஒற்றைச் சொல்லாக "தண்ணி" என்று சொல்லுங்கள். "தண்ணி" என்று சொல்லத் தொடங்கிய பிள்ளையிடம் "தண்ணி வேணும்" என்று ஒரு சொல் கூட்டுங்கள்.

கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு கையில் பிஸ்கட், மறு கையில் வாழைப்பழம் காட்டி, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிள்ளை பார்த்தாலும், கை நீட்டினாலும், சிறு சத்தம் எழுப்பினாலும் அது பதில்தான்; உடனே பெயர் சொல்லிக் கொடுங்கள். அழ வைத்துப் பேச வைப்பது நோக்கமல்ல.

'வா', 'போதும்', 'இன்னும் வேணும்' ஆகியவற்றுக்குக் கை சாடை காட்டுங்கள். தட்டு, டம்ளர், செருப்பு ஆகியவற்றின் படங்களைச் சுவரில் ஒட்டி, தொட்டுக் காட்டப் பழக்குங்கள். "சாடை பழகினால் பேச்சு வராது" என்ற பயம் வேண்டாம். சாடையும் படமும் பேச்சைத் தடுப்பதில்லை.

இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மொபைல் வேண்டாம். இரண்டு வயதுக்கு மேல் ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மொபைல் பார்த்ததால் ஆட்டிசம் வந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் நம்மோடு பேசிப் பழக வேண்டிய நேரத்தை அது தின்றுவிடுகிறது.

வளைகுடாவில் இருக்கும் வாப்பாவுக்கு

வீடியோ காலில் "சலாம் சொல்லு, பேசு" என்று கேட்டுப் பிள்ளை ஓடிவிட்டதும் மனம் நொந்து போகாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். முகத்தைத் துணியால் மூடித் திறந்து காட்டுங்கள். பிள்ளைக்குப் பிடித்த காரைப் போல் ஒன்றை நீங்களும் வைத்து ஓட்டுங்கள். அரபி, ஆங்கிலம், தமிழ் எனப் பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை. உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில் பேசுங்கள்.

உம்மாவைக் குறை சொல்லாதீர்கள்

"கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டாய், பிள்ளையைத் தனியாக விட்டாய்" என்ற பேச்சுகளில் உண்மையில்லை. தாயின் பாசக் குறைவால் ஆட்டிசம் வருகிறது என்ற பழைய கருத்தை மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது. தடுப்பூசியும் காரணமல்ல, அப்படிச் சொன்ன 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றது.

கண்ணேறு என்று எண்ணி ஓதிப் பார்ப்பவர்கள் உண்டு. துஆ மனதுக்குப் பலம். ஆனால் அதைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். துஆவும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. "ஆட்டிசத்தை முழுமையாகக் குணமாக்குகிறோம்" என்று லட்சங்கள் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கவில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் தெரிவித்தது.

உறவினர்களும் உதவலாம். கல்யாண வீட்டு இரைச்சலில் பிள்ளை அலறினால் "அடம்" என்று முகம் சுளிக்காமல், அமைதியான ஓர் அறையைத் திறந்து கொடுங்கள். உம்மா தெரபிக்குப் போகும் நாளில் மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறுதியானால் என்ன செய்வது?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் அங்கீகரிக்கிறது. சான்றிதழ் பெற்றால் மத்திய அரசின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. தெரபிச் செலவும் அதில் அடங்கும். சம்பந்தம் பேசும்போது தடையாகும் என்று அஞ்சிச் சான்றிதழை மறுக்கும் குடும்பங்கள் உண்டு. ஊருக்குத் தெரியாமல் மறைப்பதால் இழப்பு பிள்ளைக்குத்தான்.

பிறகு ஆட்டிசம் இல்லை என்று தெரிந்தாலும், பிள்ளையோடு தரையில் அமர்ந்து பேசிய நேரம் எதுவும் வீண் போகாது. இந்த வாரமே காது பரிசோதனைக்கு நாள் கேளுங்கள். இன்று மாலை பத்து நிமிடம் மொபைலை ஓரம் வைத்துவிட்டுப் பிள்ளையின் எதிரே அமருங்கள்.