மண் வேண்டாத செடி!



மலர்க் கண்காட்சிக்குப் போன மாமா, உங்கள் வீட்டுக்கு ஓர் ஆர்க்கிட் செடி வாங்கி வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்ததுபோல ஊதா நிறப் பூக்கள். தொட்டியோ சின்னஞ்சிறியது. 'ஐயோ பாவம், இடமே இல்லையே!' என்று பெரிய தொட்டி ஒன்றை எடுத்து, செம்மண், மணல், மக்கிய சாணம் எல்லாம் கலந்து, ரோஜாவுக்குச் செய்வதுபோல் மாற்றி நட்டுவிட்டால் என்ன ஆகும்?

சில வாரங்களில் இலைகள் மஞ்சளாகும். செடியைப் பிடித்து லேசாகத் தூக்கினால், வேர் இல்லாமல் கையோடு வந்துவிடும். ஆசை ஆசையாகச் செய்த காரியம்தான். ஆனால் வேர் மூச்சு முட்டி அழுகிவிட்டது!

வேருக்கு மூச்சா? ஆமாம். எல்லாச் செடிகளின் வேர்களுக்கும் காற்று வேண்டும். ஆர்க்கிட்டுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வேண்டும். காரணம், அது வளரும் இடம். வெப்ப நாட்டு ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை காட்டில் மரக்கிளைகள் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. அதனால் ஒட்டுண்ணி என்று திட்டிவிடாதீர்கள். உட்கார மட்டும் இடம் கேட்கும் தொற்றுத் தாவரங்கள் அவை. பெரிய வகுப்பு அக்காவின் தாவரவியல் புத்தகத்தில் 'வாண்டா' என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். அதுவும் ஓர் ஆர்க்கிட்தான்.

காற்றில் தொங்கும் அந்த வேரைச் சுற்றி, பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. அதன் பெயர் 'வெலாமன்'. மழை பெய்தால் சட்டென்று நீரை உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது அந்த உறைக்குள் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளி நிறமாகத் தெரியும். நனைந்ததும் உறை கண்ணாடிபோல் ஆகி, உள்ளே இருக்கும் பச்சை நிறம் வெளியே தெரியும். தண்ணீர் ஊற்ற வேண்டுமா, வேண்டாமா என்று செடியே நிறத்தால் சொல்லிவிடுகிறது பார்த்தீர்களா?

இந்த ரகசியம் தெரியாமல் போனதால் எத்தனை செடிகள் செத்தன தெரியுமா? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்துக்காரர்கள் தென் அமெரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆர்க்கிட்களைக் கொண்டுபோனார்கள். 'சூடான நாட்டுச் செடிதானே' என்று காற்றுப் புகாத கண்ணாடி வீட்டுக்குள் வைத்துச் சூடேற்றினார்கள். பலர் வேரை மண்ணிலும் புதைத்தார்கள். பெரும்பாலான செடிகள் மடிந்தன. 1830களில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன், கண்ணாடி வீட்டுக்குள் காற்று வந்து போக வழி செய்தார். செடிகள் பிழைத்தன. (இதே பாக்ஸ்டன்தான் பின்னாளில், 1851இல் லண்டன் பொருட்காட்சிக்காகப் புகழ்பெற்ற பளிங்கு அரண்மனையை வடிவமைத்தவர்!)

சரி, மண் இல்லாமல் தொட்டியில் எதைப் போடுவது? நம் ஊரிலேயே கிடைக்கும் மூன்று பொருட்கள் போதும்: அடுப்புக்கரி, செங்கல் அல்லது ஓட்டுத் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு.

கரியும் செங்கலும் சீக்கிரம் மக்காது. துண்டுகளுக்கு நடுவே சந்து இருப்பதால் காற்று தாராளமாகப் போகும். செங்கல் கனமாக இருப்பதால் தொட்டி காற்றில் சாயாது. தேங்காய் மட்டை வேறு ரகம். நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அதை அப்படியே போடக் கூடாது. அதில் உப்பும் துவர்ப்புச் சாறும் இருக்கும். நறுக்கி, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, டீ டிகாஷன் போல இறங்கும் சாற்றைக் கொட்டிவிட்டு, மறுபடி ஊறவையுங்கள். நிறம் இறங்குவது குறையும்வரை இதைச் செய்ய வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டும்தான்.

எதை எவ்வளவு கலப்பது? இங்கேதான் யோசிக்க வேண்டும். இதற்குச் செடியை மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீர் ஊற்றும் ஆளையும் பார்க்க வேண்டும்! உங்கள் வீட்டில் பாட்டி காலையும் மாலையும் தவறாமல் ஊற்றுவாரா? கரியும் செங்கலும் மட்டும் போடுங்கள். பரீட்சை நேரத்தில் செடியையே மறந்துவிடும் ஆளா நீங்கள்? மட்டையைக் கூடுதலாகச் சேருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் மழை பெய்யும் ஊரில், திறந்த வெளியில் வைப்பதானால் மட்டையைக் குறைப்பதே நல்லது.

கடையில் வாங்கும் சில ஆர்க்கிட்களின் வேரைச் சுற்றி, பஞ்சு போல ஒரு பாசி அடைத்திருக்கும். அது 'ஸ்பேக்னம்' பாசி. தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். அளவாக நீர் ஊற்றத் தெரிந்தவர்களுக்கு அருமையான பொருள். தினமும் ஊற்றும் வீட்டிலோ, அதன் நடுப்பகுதி காயவே காயாது. மாற்றும்போது அதை மெதுவாகப் பிரித்து எடுத்துவிடுங்கள்.

பூ உதிர்ந்த பிறகு, புது வேரின் பச்சை நுனி எட்டிப் பார்க்கும் சமயம்தான் தொட்டி மாற்ற ஏற்றது. முதலில் வேரை நனையுங்கள். ஒட்டியிருப்பது எளிதாகக் கழன்றுவரும். ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல வேர். கொழகொழவென்று இருந்தால் அழுகியது. கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி அப்பாவோ அம்மாவோ வெட்டித் தரட்டும். பெரிய தொட்டி வேண்டாம். வேர்க்கூட்டம் அடங்கும் அளவு இருந்தால் போதும். பக்கவாட்டிலும் ஓட்டை உள்ள மண் தொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. செடியின் அடிப்பாகம் துண்டுகளுக்கு மேலே தெரிய வேண்டும், புதைந்துவிடக் கூடாது. ஆடாமல் இருக்க ஒரு குச்சியோடு கட்டிவிடுங்கள்.

வாண்டாவுக்கு இந்தத் தொந்தரவே இல்லை. வெறும் மரக் கூடையில் தொங்கவிட்டு, தினமும் நீர் தெளித்தால் போதும்! தரையில் வளரும் ஆர்க்கிட்களும் உண்டு. அவற்றுக்கு மட்டும் மக்கு கலந்த பொலபொலப்பான கலவை வேண்டும். எனவே வாங்கும்போதே, 'இது மரத்தில் வளர்வதா, தரையில் வளர்வதா?' என்று நர்சரிக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் மட்டைத் துண்டுகள் மக்கித் தூளாகும். தூள் சந்துகளை அடைத்துக்கொண்டால் மறுபடி மண்ணில் நட்ட கதைதான். அவ்வப்போது ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். பொடிந்துபோனால், அடுத்த முறை பூ உதிர்ந்ததும் புதுக் கரியும் மட்டையும் தயாராக வைத்திருங்கள்.