சரிவு நிலத் தோட்டங்களில் நிலமூடு செடிகள்

வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே அமைந்த றொசல்லவில் தென்மேற்குப் பருவமழை கடுமையாகப் பொழியும். மே முதல் செப்டெம்பர் வரை மழை ஓய்வது அரிது. லயங்களை அடுத்த பாத்திகளில் வெறுமையாக விடப்பட்ட மண்ணை அம்மழை கரைத்துச் செல்கின்றது. முதலிற் போவது மேல்மண். இட்ட எருவும் பசளையும் அதனுடன் போகின்றன. அம்மண் தாழ்ந்த வயல்களின் வாய்க்கால்களில் வண்டலாகப் படிந்து நெற்செய்கைக்கும் இடையூறாகின்றது. இவ்விழப்பைத் தடுக்கும் நோக்குடன் 1951ஆம் ஆண்டில் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

நிலத்தைப் பாய்போல் மூடும் பல்லாண்டுச் செடிகள் இதற்குச் சிறந்த துணையாகும். அவற்றின் இலைகள் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. கணுக்களில் இறங்கும் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. நிழலினால் களைகள் குறைகின்றன. ஆயினும், விரைந்து பரவும் குணமே செடியின் நன்மையும் தீமையுமாகும். ஆகவே தெரிவு செய்யுமுன் அதனை எளிதில் அடக்க முடியுமா என்று ஆராய்தல் வேண்டும்.

பல்லாண்டு நிலக்கடலை: பிரேசிலைத் தாயகமாகக் கொண்டது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாதலின், வேர் முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்க்கின்றது. ஓரளவு நிழலையும் தாங்கும். நடைபாதை ஓரங்களுக்கும் படிநிலங்களின் சரிவுகளுக்கும் ஏற்றது.

வல்லாரை: ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் ஓடுதண்டுகளாற் பரவும். மண்ணைக் காப்பதோடு சம்பலுக்குக் கீரையும் தரும்.

வெட்டிவேர்: இது பரவாது, ஆயினும் சரிவுக்குக் குறுக்கே நெருங்கிய வரிசையாக நட்டால் வேலிபோல் நின்று, ஓடிவரும் மண்ணைத் தடுக்கும்.

வெடேலியா என்னும் மஞ்சட்பூக் கொடியை நடுதல் ஆகாது. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அது, ஒடிந்த தண்டுத் துண்டிலிருந்தும் முளைத்து ஓடைக்கரைகளை ஆக்கிரமிக்கின்றது. நிலக்கடலையின் பூவும் மஞ்சளாதலின் சிலர் இரண்டையும் மாறிக்கொள்வர். நிலக்கடலையின் இலை நான்கு சிற்றிலைகளைக் கொண்டது. பூ பயற்றம்பூவை ஒத்தது. வெடேலியாவின் இலை விளிம்பு பற்களுடையது. பூ சிறு சூரியகாந்தியை ஒத்தது. பிடுங்கிய வெடேலியாவை ஓடையிலோ எருக்குழியிலோ இடாது, வெயிலில் நன்கு உலர்த்தி அழித்தல் வேண்டும்.

நடும் முறை: மழை தொடங்கும் காலத்தில் களைகளை வேருடன் அகற்றி, மூன்று நான்கு கணுக்களுள்ள நிலக்கடலைத் தண்டுகளை ஓர் அடி இடைவெளியில் நடலாம். செடி நிலத்தை மூடும்வரை, முதற் சில மாதங்கள் கைக்களை எடுத்தல் இன்றியமையாதது. மரக்கறிப் பாத்திக்கும் நிலமூடு செடிக்கும் இடையே ஓர் அடி வெறுநிலம் விடுதல் நன்று. இல்லையேல் அது பயிரின் உணவைப் பங்கிடுவதோடு நத்தைகளுக்கும் புகலிடமாகும். எல்லை கடந்த தண்டுகளை மாதம் ஒருமுறை வெட்டிவிடல் வேண்டும்.

ஒருமுறை அடித்துச் செல்லப்பட்ட மேல்மண்ணை ஒரு தலைமுறையிலும் மீட்டல் அரிது. மழைக்கு முன் நடப்படும் ஒரு பிடித் தண்டு அவ்விழப்பைத் தடுக்க வல்லது.