பல்லில் தெரியும் மழை

ஆடிப்பெருக்கு சமயத்தில் ஒகேனக்கல்லில் நின்றால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். தலைக்கு மேல் பொட்டுத் தூறல் இருக்காது. சட்டையைப் பிய்த்துக்கொண்டு போகிற காற்று மட்டும். காலடியில் காவிரியோ செம்மண் நிறத்தில் நுரை கக்கி ஓடும். வெள்ளம் கூடினால் பரிசல்களைக் கரையில் கவிழ்த்துவிடுவார்கள். அத்தனையும் குடகிலும் வயநாட்டிலும் பெய்த தண்ணீர்.

தென்மேற்குக் காற்று மலையேறும்போது குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. வறண்டு இறங்கும்போது கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடேறுகிறது. தருமபுரிக்கு வந்து சேர்வது இந்த மிச்சக் காற்றுதான். இரு பருவமும் இடிமழையும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மி.மீ. தேறினால் உண்டு.

இலங்கையிலும் இதே காற்று, இதே கணக்கு. மலைநாட்டின் மேற்குச் சரிவில் இரத்தினபுரி நனைந்துகொண்டிருக்க, மறுபுறம் மட்டக்களப்பில் அனல் வீசும். அதற்கு அங்கே கச்சான் காற்று என்று பெயர். நிலக்கடலையையும் அவர்கள் கச்சான் என்றே சொல்கிறார்கள். நம் மானாவாரிக் காட்டில் விளைகிற அதே கடலை! மலைக்கு மறுபுறமான இந்த உலர் வலயத்துக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவம்தான். அதைத் தேக்கி வைக்கவே அநுராதபுரத்தைச் சுற்றி அத்தனை குளங்கள்.

ஒற்றுமை காற்றோடு முடியவில்லை. கோண்டுவானா என்ற பழங்கண்டத்தின் காலத்தில் இலங்கையும் நம் பக்கமும் ஒட்டிக் கிடந்த நிலம். சார்னோகைட், நைஸ் போன்ற பழம்பாறைகள் இரு பக்கமும் உண்டு. அவற்றின் கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு மெல்லக் கசிந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. மழை கொட்டுகிற இடத்தில் அது அலசிக்கொண்டு போய்விடும். வறண்ட இடத்தில் தண்ணீர் பாறையோடு நெடுநாள் கிடக்கிறது, வெயிலில் வற்றுகிறது, உப்புகள் செறிகின்றன. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய கிணறுகள் அநுராதபுரத்திலும் உண்டு, பென்னாகரம் பக்கமும் உண்டு. எனவே மழை மறைவுப் பகுதி எது என்று காண வரைபடத்தை விரிக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் சிரித்தால் போதும். பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் குறுக்கே ஓடும் கறை, ஈறுக்குள் பல் உருவாகும் சிறுவயதிலேயே படிவது. தேய்த்தால் போகாது.

ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியது. மலைக்கு அப்பால் நின்றுவிட்ட மழை, இப்போது குழாய் வழியாக ஊருக்குள் வருகிறது. குழாய் வறண்ட நாளில் குடம் மறுபடியும் போர்வெல்லுக்கே போகிறது.