'அன்லிமிட்டெட்' இணையம்: எதற்கு வரம்பில்லை?

மாதக் கடைசியில் இணைய வகுப்பு திணறுதா? ஆசிரியர் முகம் திரையில் அப்படியே நிற்குது, பயிற்சித்தாள் இறங்க மாட்டேங்குது. "அன்லிமிட்டெட் பிளான்தானே எடுத்தோம்!" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். பதில், ஒப்பந்தத்தின் சின்ன எழுத்துகளில் இருக்கிறது.

இணையப் பயன்பாட்டில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு டேட்டா பயன்படுத்தினோம் என்பதை ஜிகாபைட்டில் (ஜிபி) சொல்வார்கள். எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்பார்கள். 'அன்லிமிட்டெட்' என்பது பெரும்பாலும் முதலாவதை மட்டுமே குறிக்கும். குறிப்பிட்ட ஜிபியைத் தாண்டினால் சில திட்டங்களில் இணைப்பு அறுந்துபோகாது. ஆனால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். இதற்கு 'நியாயமான பயன்பாட்டுக் கொள்கை' என்று பெயர். ஒரே கோபுரத்தைப் பலர் பகிர்வதால் இந்த ஏற்பாடு என்பது நிறுவனங்களின் விளக்கம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 பைட் = 8 பிட். ஆகவே, 100 மெகாபைட் பாடக் காணொளி 800 மெகாபிட். விநாடிக்கு 30 மெகாபிட் வேகத்தில் அது சுமார் 27 விநாடியில் இறங்கிவிடும். வேகம் 512 கிலோபிட்டாகக் குறைந்தால் சுமார் 26 நிமிடம் ஆகும்! வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும். காணொளி வகுப்பு சிக்கிச் சிக்கித்தான் வரும்.

கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்:

1. எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும்? எவ்வளவுக்குக் குறையும்?
2. ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு உண்டா? கைப்பேசி வழியாக மடிக்கணினியில் படிப்பவர்களுக்கு இது முக்கியம்.
3. '100 மெகாபிட் வரை' என்றால் அது உச்ச வேகம். குறைந்தபட்சம் எவ்வளவு?
4. ஒப்பந்தம் எத்தனை மாதம்? இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும்?

இணையம் மெதுவானால் காலையிலும் இரவிலும் வேகத்தைச் சோதித்து, திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். இரவில் மட்டும் மெதுவென்றால் நெரிசலாக இருக்கலாம். ஒரு தேதிக்குப் பிறகு நாள் முழுதும் மெதுவாக இருந்து, புதிய மாதக் கணக்கில் சரியானால், வேகக் குறைப்பாகவே இருக்கும். ஒப்பந்தத்துக்கு மாறாக நடந்தால் முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணை வாங்குங்கள். தீராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் கொண்டுபோகலாம்.

மாணவர்களே, தேர்வுக்கு வேண்டிய காணொளிகளையும் பயிற்சித்தாள்களையும் மாதத் தொடக்கத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களே, காணொளியோடு அதன் குறிப்பையும் சிறிய கோப்பாக அனுப்புங்கள். வேகம் குறைந்த வீட்டுக்கும் பாடம் போய்ச் சேரும்.